ஓடைக்கு அக்கரையில் வாசித்தவர்களுக்கு

அன்புள்ள பேஞ்சோ தாத்தா, மாண்டலின் அக்கா, கிட்டார் அண்ணன், பாஸ் அண்ணன், டோப்ரோ தம்பி, பிடில் பாப்பா ஆறு பேருக்கும் வணக்கம்.

பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் பெயரும் வேண்டாம், குழுவின் பெயரும் வேண்டாம், சபையின் பெயரும் வேண்டாம். சரி, அப்பா உங்களுக்கு வைத்த பெயர்களிலேயே எழுதிவிட்டுப் போகிறேன். உங்கள் ஊர்ப் பெயர்கள் எதுவும் அவர் வாயில் நுழையவில்லை. வாத்தியங்களின் பெயர் மட்டும் முதல் நாளே நுழைந்துவிட்டது.

உங்களால் படிக்க முடியாத மொழியில் எழுதுகிறேன் என்று தெரியும். புயல் வெள்ளத்தில் நாங்கள் மாட்டிக்கொண்ட அந்தப் பத்து நாளும் திருநெல்வேலியிலும் சென்னையிலும் தூக்கமில்லாமல் கிடந்த எங்கள் சொந்தக்காரர்கள், "யாருட்டி அந்தப் பாட்டுக்காரங்க?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு முறை போனில் சொல்லி எனக்கு மாளவில்லை. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். உங்களுக்கு என் மகன் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவான். எந்தெந்த இடத்தில் வெட்கப்பட்டுத் தாண்டிப் போவான் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. வட கரோலினாவில் ஆஷ்வில்லுக்குக் கிழக்கே ஸ்வானனோவா பள்ளத்தாக்கு. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். அதன் மேல் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து பராமரிக்கும் தனியார் பாலம். மற்ற இரண்டும் விடுமுறை வீடுகள், அன்று ஆளில்லை. என் கணவர் வேலை விஷயமாக சார்லட்டில் இருந்தார். வீட்டில் நானும் ஒன்பது வயது மகனும் அப்பாவும்தான். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்பவர். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் டவுன் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியபோது மாடியில் இரண்டு இரவு கிடந்தவர். "கொஞ்ச நாள் தண்ணி பயம் இல்லாம இரிங்க" என்று நான்தான் ஜூலையில் இங்கே அழைத்து வந்தேன்.

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை காலை ஹெலீன் புயல் எங்கள் மேல் வந்தது. அதற்கு முன்பே இரண்டு நாள் மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. மிட்செல் மலையில் மட்டும் 24 அங்குலத்துக்கு மேல் மழை. ஆஷ்வில்லில் நூறு வருஷத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்த 1916 வெள்ளத்தின் அளவையும் ஆறு தாண்டிவிட்டது. எட்டு மணிவாக்கில் எங்கள் பாலம் போனதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. அப்புறம் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, போனில் ஒரு கோடுகூட இல்லை. காரில் உட்கார்ந்து வானொலி கேட்டால், எந்தச் சாலை இல்லை, எந்த ஊர் இல்லை என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஞாயிறு. ஓடை கொஞ்சம் வடிந்திருந்தது. அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கையை உயர்த்தி, "சத்தம் போடாத" என்றார். எனக்கு ஓடைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"மாண்டலின்லா அது? ஸ்ரீனிவாஸ் வாசிக்கிற வாத்தியம்லா? இங்க யாரு வாசிக்கா?"

புத்தி தடுமாறிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகு எனக்கும் கேட்டது. சாலையில் கொஞ்ச தூரம் கீழே இருக்கும் உங்கள் வெள்ளைப் பலகைத் தேவாலயத்தில் மின்சாரம் இல்லாததால், ஆராதனையை வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். ப்ளூகிராஸ் என்னும் உங்கள் இசைக்கு மின்சாரமே வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊரே இருட்டில் கிடந்தபோது பழுதாகாமல் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அப்பா உள்ளே போய்த் தன் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து, ஒரு முனையைத் தாழ்வாரத் தூணில் கட்டி மறுமுனையைப் பேரன் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். சலவைக்குப் போட்டு வந்த புது வேட்டி. பாட்டு பாதியில் நின்றது. டோப்ரோ தம்பி, அக்கரையில் முதலில் தெரிந்தது உன் தலைதான்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு அலுமினிய ஏணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, இடுப்பில் கயிற்றோடு நீ இந்தப் பக்கம் வந்துவிட்டாய். உன் கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. அப்பா என்னிடம் மெதுவாக, "ரவுடிப் பயலா இருப்பானோ?" என்றார். மகன் இந்த இடத்தை நிச்சயம் தாண்டிப் போவான், நீயே கேட்டு வாங்கிக்கொள். மறுநாள் அதே அப்பா உன் டோப்ரோவைப் பார்த்துவிட்டு உன்னை விடவில்லை. கிட்டார் மாதிரி இருக்கும் அதை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தந்தியை அழுத்தாமல் உலோகக் கட்டையால் தடவி வாசிக்கிறாய். "இது கோட்டுவாத்தியத்துக்குத் தம்பிடா" என்று அவர் தமிழில் சொன்னதற்கு நீ ஆங்கிலத்தில் ஆமாம் சொன்னாய். அடுத்த ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் பேசியது எந்த மொழி என்று எனக்குத் தெரியவில்லை.

மாண்டலின் அக்கா, உங்களைப் பற்றி எழுதும்போதுதான் கை நிற்கிறது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நீங்கள். ஏணிப் பாலத்தில் தவழ்ந்து வந்து, வணக்கம் சொல்வதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "இன்சுலின் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" செத்துப்போன ஃபிரிட்ஜில் இருந்த மூன்று குப்பிகளையும் எடுத்துப் பார்த்தீர்கள். திறந்த குப்பி வெயில் படாத இடத்தில் இருந்தால் சுமார் நாலு வாரம் தாங்கும், பயப்படாதே என்றீர்கள். திறக்காத இரண்டையும் எடுத்துப்போய், பாஸ் அண்ணன் வீட்டு ஊற்றுக்கு மேல் அவர் கொள்ளுத்தாத்தா கட்டிய கல்லறையில் வைத்தீர்கள். கல்லறை என்றதும் எங்கள் ஆட்கள் பதற வேண்டாம். பால் கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் ஊற்றின் மேல் கல்லால் கட்டிய சின்ன அறை. விஷயத்தைச் சொன்னதும் அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "நம்ம ஊர்ல கரண்ட் போனா மண்பானைத் தண்ணியில வைக்க மாட்டோமா? அதுதான்" என்றார். அதுவரை மூன்று நாளாக நான் அழாமல் இருந்தேன். அன்றைக்குத்தான் அழுதேன், அதுவும் உங்கள் தோளில், பெயர்கூடத் தெரியாமல்.

பேஞ்சோ தாத்தா, என் கணவரின் எண்ணை ஒரு மளிகை ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, மரம் விழுந்த சாலைகளில் அரை நாள் சுற்றினீர்கள். "மூணு பேரும் நலம். மருந்து இருக்கிறது. அவசரப்பட்டு ஆற்றில் இறங்காதே" என்று நீங்கள் அனுப்பிய செய்தியை அவர் இன்னும் அழிக்கவில்லை. அது வந்தபோது இரவு ஒன்பது மணியாம். ஒன்பது ஐந்துக்குத் திருநெல்வேலிக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் வயதில் எங்கள் ஊரில் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஸ்வானனோவாவின் பீக்கன் போர்வை ஆலையில் அது மூடும்வரை வேலை பார்த்தவர் நீங்கள். 2003-ல் அந்தக் கட்டடம் எரிந்ததைச் சாலையில் நின்று பார்த்ததாகச் சொன்னீர்கள். தறியில் ஓடிய விரல்கள் என்பதால்தானோ என்னவோ, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் நகத்தை மாட்டிக்கொண்டு நீங்கள் வாசிக்கும்போது எது எந்த விரல் என்றே தெரிவதில்லை. இந்த மூன்று விரல் வாசிப்பைப் பெரிதாக்கிய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இங்கிருந்து தென்கிழக்கே ஷெல்பி பக்கத்து ஆள் என்பதையும், 1945 டிசம்பரில் அவர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் ப்ளூகிராஸ் இன்றைய உருவத்துக்கு வந்தது என்பதையும் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். மன்றோ கென்டக்கிக்காரர், அந்த மாநிலத்தின் பட்டப்பெயரைக் குழுவுக்கு வைத்தார், குழுவின் பெயரே பிறகு இசைக்குப் பெயராகிவிட்டது. அப்பாவுக்கு அதைவிடப் பிடித்தது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இன்னொன்று. "பேஞ்சோ எங்கள் சொத்து இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நினைவில் சுமந்து வந்து இங்கே செய்தது. நாங்கள் வாங்கினோம், கேட்டு வாங்கவில்லை." அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரிய மனுஷன்" என்றார்.

பக்திப் பாட்டு வரும்போது மட்டும் நீங்கள் பேஞ்சோவைக் கீழே வைத்துவிடுவது ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கைவலி என்று நினைத்தேன். அது பழைய வழக்கமாம். மன்றோ காலத்திலிருந்தே நால்வர் சேர்ந்து பாடும் பக்திப் பாட்டுகளில் பெரும்பாலும் மாண்டலினும் கிட்டாரும்தான் கூட வரும். அப்போது நீங்கள் அடிக்குரலில் பாடுவீர்கள். கிட்டார் அண்ணன் மூலப் பாட்டை எடுப்பார், மாண்டலின் அக்கா அதற்கு மேலே ஏறுவார், டோப்ரோ தம்பி நடுவில் நிற்பான். டிரம் கிடையாது. பாஸ் அண்ணன் தன் ஆளுயர வாத்தியத்தில் தட்டும் தாளத்துக்கு இடையில் மாண்டலின் 'சக், சக்' என்று வெட்டுவதுதான் உங்களுக்கு மிருதங்கம். ஸ்ரீனிவாஸின் மாண்டலினில் கமகம் வழிந்தோடும், இங்கே அதே வாத்தியம் அரிவாள் மாதிரி வெட்டுகிறது என்று அப்பாவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு வாரத்தில் அவரே தொடையில் எதிர்த் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

கிட்டார் அண்ணன், உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எங்கள் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நீங்கள் சபையின் மூப்பர், தொழில் முடிதிருத்தம். தண்ணீர் வராத ஊரில், பத்தாம் நாள் எங்கள் தாழ்வாரத்துக்குக் கத்தரியோடு வந்து, அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து முடிவெட்டி, முகம் மழித்துவிட்டீர்கள். மனிதன் மனிதனாகத் தெரிந்தால் பாதி கவலை போய்விடும் என்றீர்கள். நெற்றித் திருநீற்றைத் துடைக்க வேண்டிவந்தபோது கையை எடுத்துக்கொண்டு, துடைக்கலாமா என்று கேட்டீர்கள். மழித்து முடித்ததும் சம்புடத்தை எடுத்து நீங்களே அவர் கையில் கொடுத்தீர்கள். நாங்கள் சைவர்கள் என்பது உங்களுக்கு முதல் நாளே தெரியும். சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பீர்கள், நாங்களும் கண் மூடுவோம், அவ்வளவுதான். ஒரு துண்டுப் பிரசுரம்கூட நீட்டவில்லை. தேர்தல் நேரம் வேறு. உங்களில் சிலர் வீட்டு வாசலில் நட்டிருந்த பலகையும் எங்கள் வாசல் பலகையும் ஒன்றல்ல. அதைப் பற்றிப் பேச இரண்டு பக்கமும் யாருக்கும் நேரமில்லை.

பாளையங்கோட்டை என்ற பெயரைச் சொன்னதும் பேஞ்சோ தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்ததை மறக்க முடியாது. பிரசங்கியார் பில்லி கிரகாம் வாழ்ந்து மறைந்த மான்ட்ரீட் எங்களிலிருந்து சில மைல்தான். அவர் 1956-ல் பாளையங்கோட்டைக்கு வந்து பேசியபோது, மிஷன் பள்ளியில் படித்த பத்து வயதுப் பையனான அப்பா வாத்தியாரோடு போய்க் கூட்டத்தில் நின்றிருக்கிறார். பேச்சு ஒன்றும் நினைவில்லை, கூட்டம்தான் நினைவு, செருப்பைத் தொலைத்ததற்குத் தன் அப்பாவிடம் அடி வாங்கியதும் நினைவு. இதை மொழிபெயர்த்ததும் ஆறு பேரும் சிரித்த சிரிப்பு ஓடையைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கிவிடுகிறேன். பின்டோ பீன்ஸைப் பன்றிக் கொழுப்பு போடாமல் வேகவைப்பது உங்கள் மலையில் ஏறக்குறைய பாவம். அப்பாவுக்காக அதைத் தினமும் தனிப் பானையில் செய்து அனுப்பிய பாஸ் அண்ணனின் வீட்டம்மாவுக்குத் தனி நன்றி. சுற்று வழியில் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு என் கணவரோடு வந்த சார்லட் தமிழ் நண்பர்களுக்கும், மேல் வீடுகளுக்குக் கோவேறு கழுதைகளில் மூட்டை கொண்டுபோன முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி.

பிடில் பாப்பா, குழாய் நீர் குடிக்கலாம் என்று ஆஷ்வில்லில் அறிவிக்க நவம்பர் 18 ஆனது, 53 நாள். அதில் முதல் மூன்று வாரம் கழிப்பறைக்கு ஊற்றும் தண்ணீரைப் பள்ளிக்கூடம் இல்லாத பதினாறு வயதுப் பிள்ளை நீ ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினாய். பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், இதை யார் எழுதுவார்கள்? எங்கள் ஊரில் இதே வயலினைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பார்கள் என்று அப்பா சொன்னதும் உடனே உட்கார்ந்து பார்த்தாய். இரண்டு நிமிஷத்தில் கால் மரத்துப்போய்க் கத்தினாய்.

பாலத்துக்கு வருகிறேன். எங்கள் காப்பீட்டு நிறுவனம் வெள்ளம் பாலிசியில் இல்லை என்று மூன்று வரியில் முடித்துவிட்டது. அது என் படிக்காத குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். பாஸ் அண்ணன், உங்கள் மண்வாரி இயந்திரத்தை (எங்கள் ஊரில் மஞ்சளாக எது வந்தாலும் ஜேசிபி) ஓடைக்குள் இறக்கி, இரண்டு கரையிலும் பாறை அடுக்கிக் கரை கட்ட ஒன்பது நாள். டோப்ரோ தம்பி பற்றவைத்த 40 அடி ஐ-பீம் இரண்டு, மேலே ஓக் பலகை. பழைய பாலத்தைவிட நாலடி உயரம். நவம்பர் 9, சனிக்கிழமை, முதல் வண்டியாக உங்கள் லாரியே ஏறி நின்றது. இரும்புக்கும் டீசலுக்கும் ஆன பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள், அதுவும் நான் அழுது சண்டை போட்ட பிறகு. கூலி என்ற பேச்சை எடுத்தால் பாஸ் அண்ணனுக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது.

அன்று மாலை பாலத்தின் மேலேயே நின்று பாடினீர்கள். இந்தமுறை ஜெனரேட்டர் இருந்தது. ஒரே ஒரு மைக். அதைச் சுற்றி ஆறு பேர். தன் முறை வரும்போது ஒருவர் உள்ளே நகர்கிறார், வாசித்ததும் இடுப்பை ஒடுக்கிப் பின்வாங்குகிறார், அந்த இடத்துக்கு அடுத்தவர் வருகிறார். யாரும் யாரையும் இடிப்பதில்லை, யாரும் கை காட்டி அழைப்பதும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஆறு வாரமாக எங்களுக்கு நடந்தது எனக்குப் பிடிபட்டது. நர்ஸ் வேலை இருந்த நாளில் அக்கா வந்தார், மற்றவர்கள் விலகி நின்றார்கள். இரும்பு வேலை வந்தபோது தம்பி. ஒவ்வொருவரும் தன் பங்கு முடிந்ததும் பின்னால் போய்விட்டதால், நன்றி சொல்லலாம் என்று நான் திரும்பும்போதெல்லாம் அங்கே வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். இந்த மடல் இவ்வளவு தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியில் அப்பாவையும் மைக் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். மிஷன் பள்ளியில் காலை வகுப்பில் பாடிய கீர்த்தனை ஒன்றைப் பாடினார், அறுபது வருஷத்துக்கு மேல் தொடாதது. சங்கராபரணச் சாயல் என்பதால் உங்கள் மூன்று ஸ்வரக் கூட்டும் அதற்குள் சுலபமாக உட்கார்ந்துவிட்டது. கிட்டார் அண்ணன் உருகிப்போய் மேல் குரல் சேர்த்ததும் அப்பா பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "நான் பாடுதப்போ இவரு ஏன் வேற இடத்துல பாடுதாரு? சேர்ந்து பாடச் சொல்லு" என்றார். இதுதான் எங்கள் ஊரில் சேர்ந்து பாடுவது என்று அண்ணன் சொன்னார். இரண்டாம் முறை அப்பா நிறுத்தவில்லை. ஆனால் முகம் அப்படியேதான் இருந்தது.

டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டார். வீட்டில் காலையில் மாண்டலின் கேசட் ஓடுகிறதாம், அதன் மேல் எதிர்த் தாளம் போடுகிறாராம், பக்கத்து வீட்டு மாமா வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மாண்டலின் அக்கா, ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்சுலினைப் பனிக்கட்டி போட்டுக் கொண்டுவருவீர்களே, அந்தப் பச்சை நிறப் பிளாஸ்க்கைத் தேடி நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், நானும் வீடு முழுக்கத் தேடினேன். அது திருநெல்வேலியில் இருக்கிறது. பெட்டி கட்டும்போது தெரியாமல் வந்துவிட்டது என்கிறார் அப்பா. தபாலில் அனுப்பச் சொன்னால், உடைந்துவிடும், நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல் என்கிறார். ஆறு பேருக்கும் இடமிருக்கிறதாம், பாஸை மட்டும் மாடிப்படியில் ஏற்ற முடியாதாம்.

இப்படிக்கு,
பாலத்துக்கு இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து, வேட்டிக்காரரின் மகள்